செவலையைத் திருப்பி விட்டேன்

பதினோரு வருடங்களாக நாய்க்கடி ஊசி போடுவதுதான் என் வேலை. காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் நர்சாக இருக்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வெளியே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். புண்ணைப் பார்த்தே எப்படிக் கடிபட்டது என்று சொல்லிவிடுவேன். பைக்கில் போனவர்களுக்குக் கெண்டைக்காலில் இருக்கும். சண்டையை விலக்கப் போனவர்களுக்குக் கையில். சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில்.

நாய்கள் மேல் எனக்குப் பிரியம் இருந்ததில்லை. ஒருநாள் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கன்னம் கிழிந்து தொங்கியது, இடைவெளியில் கடைவாய்ப் பல் தெரிந்தது. அந்த மாதிரிப் புண்ணுக்குக் கையில் போடும் ஊசி மட்டும் போதாது, புண்ணைச் சுற்றியும் மருந்தை ஏற்ற வேண்டும். அவள் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். நான் ஊசியை இறக்க இறக்க, அந்தப் பிள்ளை கத்தக்கூட முடியாமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர்கள் தெருவைக் கடந்தேன். ஏழெட்டு ஆண்கள் சவுக்குக் கட்டைகளோடு நின்றிருந்தார்கள். தெருவில் மூன்று நாய்கள் செத்துக் கிடந்தன. நான்காவது முதுகு ஒடிந்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கப் பார்த்தது. ஒருவர் அதன் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டார். இன்னொருவர் கட்டையை ஓங்கியபடி என்னைப் பார்த்து, "சிஸ்டர், அங்குட்டுத் தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்" என்றார். நான் தள்ளி நின்றேன். ஆனால் போகவில்லை. முழுதும் பார்த்துவிட்டுத்தான் போனேன். எனக்குப் பாவமாக இல்லை. நாளைக்குப் பெஞ்சில் ஆள் குறையும் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பிள்ளையைக் கடித்த நாய் அந்த நான்கில் இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஊரில் இது பெரிய பேச்சாகி, சிலர் சேர்ந்து நாய்க் காப்பகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். மானகிரி போகும் வழியில், ஓடாமல் கிடந்த ஓர் அரிசி மில்லின் கொட்டகை. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, காதோரத்தில் அடையாளத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, பிடித்த தெருவிலேயே திருப்பி விடுவதாகத்தான் திட்டம். ஆனால் எந்தத் தெருவும் திருப்பி வாங்கவில்லை. வண்டி வந்து நின்றாலே ஆட்கள் கல்லோடு வந்தார்கள். அதனால் போன நாய் எதுவும் வெளியே வரவில்லை. ஆரம்பத்தில் அரிசி மூட்டை கொடுத்தவர்களும் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அங்கே வேலை பார்த்த ஆள் வழியாக. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பு லாரி செட்டில் மூட்டை தூக்கியவர். காப்பகத்தில் சமைப்பது, கழுவுவது, மருந்து போடுவது எல்லாம் அவர் ஒருவர்தான். வாரம் தவறாமல் என் அறைக்கு வருவார். ஒருமுறை விரல், ஒருமுறை தொடை, ஒருமுறை காது.

"மறுபடியுமாண்ணே?"

"என்னையக் கடிக்கணும்னு கடிக்கல சிஸ்டர். அதுக ரெண்டும் ஒண்ண ஒண்ணு கடிச்சதுல என் கை ஊடால போயிருச்சு."

"உங்களுக்கு ஊசி போட்டு மூணு மாசம் ஆகல. இப்ப ஊசி வேணாம். புண்ணக் கழுவிக் கட்டுனாப் போதும்."

"அப்பக் கட்டி விடுங்க. சோத்துக்கு நேரமாச்சு, கத்த ஆரம்பிச்சிரும்."

ஒரு மழைக்காலத்தில் கொட்டகையின் ஒரு பாதி ஒழுகி, அந்தப் பக்கத்து நாய்களையும் இந்தப் பக்கம் அடைக்க வேண்டியதாயிற்று. அடுத்த நாள் காலை அவர் வந்தபோது முன்கையில் சதை தனியாகத் தொங்கியது. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானே பஸ் ஏறி வந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டுப் போனபின், நான் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார். "அஞ்சு நாயக் கொன்னு போட்டுச்சுக சிஸ்டர். கிழிச்சுத் தின்னுச்சுகளோ என்னமோ, ஒண்ணுக்கு வயிறே இல்ல."

தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு நானே போனேன். நாய்களுக்காகப் போகவில்லை. அந்தக் கை அழுகிவிடும் என்ற பயத்தில் போனேன்.

மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சத்தம் கேட்டது. குரைப்பு மாதிரி இல்லை. தகரத்தில் ஆணியை வைத்து இழுப்பது போல இருந்தது. நான் போய்ச் சேர்ந்தது சோறு போடும் நேரம். அவர் ஒரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு, கம்பி வலைக்கு வெளியே நின்று, கொட்டகையின் நாலு மூலைக்கும் சோற்றை வீசிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் கொட்டினால் சண்டை வரும் என்பதால் அப்படி. ஆனால் நாலு மூலைக்கும் போதுமான சோறு இல்லை. என் கண்ணெதிரே ஒரு வயதான நாயின் தொண்டையைப் பிடித்து மூன்று நாய்கள் மூன்று பக்கம் இழுத்தன. மற்றவை சோற்றை விட்டுவிட்டு ரத்தத்துக்கு ஓடி வந்தன. அவர் குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். விலகியபோது அந்த நாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அதுவும் நின்றது. அவர் கொக்கி போட்ட நீளக் கம்பியால் அதை வெளியே இழுத்து, சாக்கில் போட்டு, சுவரோரம் வைத்துவிட்டு, கட்டு மாற்றிக்கொள்ள என் எதிரே உட்கார்ந்தார்.

"கூட்டத்தக் குறைச்சா நின்னுரும் சிஸ்டர். வீட்டுக்கு எடுத்துட்டுப் போக ஆள் இல்ல. வாராக, குட்டி இருக்கான்னு கேக்குறாக, இல்லன்னதும் போயிருறாக."

கட்டி முடித்துவிட்டுக் கம்பி வலைக்குள் பார்த்தேன். மூலையில் ஒரு செவலை. பெட்டை. உடம்பெல்லாம் பழைய கடித் தழும்பு, ஒரு காதில் பாதி இல்லை. அதன் பின்னால் ஒரு கறுப்பி, ஒரு காயம்கூட இல்லாமல், கால்களை மடக்கி அமைதியாகப் படுத்திருந்தது. செவலை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கறுப்பி வாலை ஆட்டியது.

ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தெருவில் நின்று முழுதும் பார்த்த அந்த மாலை உள்ளுக்குள் இருந்திருக்கலாம். "அந்த ரெண்டையும் நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

அவர் யோசித்தார். "ஒண்ணு எடுங்க சிஸ்டர். ரெண்டும் பெட்டை. முதல்ல ஒண்ண எடுத்துப் பழக்குங்க."

"ஒண்ண விட்டுட்டுப் போனா அது செத்துப்போகும்ல?"

அவர் எழுந்து போய் இரண்டு கயிறு எடுத்து வந்தார்.

என் வீட்டுக்காரர் தேவகோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறார். வேனை எங்கள் வீட்டு வாசலில்தான் நிறுத்துவார். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன் பண்ணி வரச் சொன்னேன். வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாய்க்கடிக்கு ஊசி போடுறவ நாய வீட்டுக்குக் கொண்டு வாரியா? ஊர்ல சிரிக்க மாட்டாக?" என்றார். ஆனாலும் பின் சீட்டில் சாக்கை விரித்தார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. செவலை வீட்டுக்குப் பின்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் சோறு வைத்துவிட்டு விலகிப் போனால்தான் வரும். கறுப்பி இரண்டாம் நாளே சமையல்கட்டு வாசலுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வேனை விட்டு இறங்கினால் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வரும். அவருக்கு அது பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய முட்டையைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வர ஆரம்பித்தார்.

முதல் சண்டை அந்த முட்டைக்கு. நான் உள்ளே இருந்தேன். கறுப்பியின் அலறல் கேட்டு ஓடி வந்தபோது, செவலை அதன் பிடரியைக் கவ்வித் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினேன். விட்டுவிட்டது. கறுப்பிக்குப் பிடரியில் இரண்டு ஓட்டை. செவலையின் முன்னங்காலிலும் ரத்தம் இருந்தது. அதை நான் கறுப்பியின் ரத்தம் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்.

இரண்டாவது சண்டை வாசல் கேட்டில். இதிலும் கறுப்பி அலறியது, செவலை மேலே இருந்தது. "அந்தச் செவலை சரியில்ல" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. செவலையைச் சங்கிலியில் போட்டேன். கறுப்பி அவிழ்த்தபடியே திரிந்தது.

மூன்றாவது ஒரு சனிக்கிழமைக் காலை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம், உடனே அந்த அலறல். திரும்பினால் இரண்டும் ஒரே உருண்டையாகக் கிடந்தன. செவலையின் வாயில் கறுப்பியின் கன்னம். நான், மற்றவர்களுக்குத் தினமும் செய்யாதே என்று சொல்வதைச் செய்தேன். கையை உள்ளே விட்டேன். பெருவிரலுக்குக் கீழே பல் இறங்கி எலும்பில் உரசியதை உணர்ந்தேன். எந்த நாயின் பல் என்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவர் ஜாக்கி லீவரோடு ஓடி வந்தார். ஓங்கியவர் ஒரு நொடி நின்றார். எதை அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அடிங்க!" என்று கத்தினேன். "செவலைய அடிங்க!"

முதல் அடி முதுகில் விழுந்தது. செவலை வாயை விட்டுவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கறுப்பி அதற்குள் எழுந்து கொல்லைக்கு ஓடிவிட்டது. ஆனால் என் கையிலிருந்து ரத்தம் வழிவதை அவர் பார்த்தார். இரண்டாவது அடி முன்னங்காலில். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது முகத்தில். சங்கிலி இருந்ததால் அதனால் ஓடவும் முடியவில்லை. அது அவரைக் கடிக்க வரவில்லை. வயிற்றைத் தரையில் வைத்து, நான் இருந்த பக்கமாக நகர்ந்து வந்தது. நான் பின்னால் போனேன். நாலாவது அடிக்கு ஓங்கும்போது அவருக்கே மூச்சு வாங்கி, லீவரைக் கீழே போட்டார்.

என் கையைக் குழாயடியில் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்தக் கால்மணி நேரமும் செவலை என்னைப் பார்த்தபடி கிடந்தது. கத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் என் நாற்காலிக்கு எதிர் ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் எனக்கு ஊசி போட்டாள். "வளத்த நாயா அக்கா? அடிச்சுக் கொன்னுட்டீகளா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் கடிபட்டு வருகிறவர்களிடம் அதே தொனியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அன்று மதியமே செவலையைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுபோனோம். மாட்டு டாக்டரிடம் காட்டிக் காலைக் கட்டிவிட்டுக் கொண்டுபோயிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. வீட்டில் இன்னொரு நாள் அதை வைத்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் உண்மை.

காப்பகத்துக்காரர் சாக்கை விலக்கிப் பார்த்தார். காலைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். என் கைக்கட்டையும் பார்த்தார்.

"இத இப்ப உள்ள விட முடியாது சிஸ்டர். நொண்டுற நாய மத்ததுக விடாது."

"தனிக் கூண்டுல வைங்கண்ணே."

"தனிக் கூண்டு ஒண்ணுதான். அதுல போன வாரம் வந்த சீக்குக் குட்டிக கிடக்கு. அதோட போட்டா இதுக்கும் ஒட்டிரும்." பிறகு, அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அன்று கெஞ்சினார். "ஒரு பத்து நாள் வீட்ல கட்டிப் போடுங்க. அந்தக் கறுப்ப வேணும்னா இங்க விட்டுட்டுப் போங்க. அது தாங்கும்."

"கடிச்சது இது. எதுக்கு அத விடணும்?" என்றேன்.

என் வீட்டுக்காரர் வேனை ஏற்கெனவே திருப்பி நிறுத்தியிருந்தார். நான் ஏறிவிட்டேன். காப்பகத்துக்காரர் செவலையை இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றிருந்தார்.

மூன்றாம் நாள் எனக்கு இரண்டாவது ஊசி. அன்றுதான் காப்பகத்துக்காரரும் இன்னும் ஆறாத கைப்புண்ணைக் காட்ட வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் உட்கார்ந்து கையை நீட்டினார். நான் பழைய கட்டைப் பிரிக்கும்போது சொன்னார்.

"செவலையச் சமையல்கட்டுலதான் படுக்க வச்சிருந்தேன். நேத்துக் காலையில சோறு வடிக்கையில கதவு திறந்து கிடந்துச்சு போல. சத்தம் கேட்டு ஓடுனேன். கொட்டகை கேட்டுக்குக் கீழ ஒரு சந்து இருக்குல்ல, அது வழியா மூணு நாலு வெளிய வந்திருச்சு. அது எந்திரிச்சு நிக்கப் பார்த்துச்சு சிஸ்டர். நிக்க முடியல."

நான் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "வலிக்குது சிஸ்டர்" என்றார். அழுத்தித் துடைத்துப் புண்ணைத் திறந்துவிட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் கேட்டைத் திறந்து வைத்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். தெருவோரமாக ஒரு குட்டி வந்தது, கேட்டுக்குள் மூக்கை நீட்டியது. கறுப்பி படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்தது. உறுமவில்லை. முடிகூடச் சிலிர்க்கவில்லை. சும்மா நடந்து போவது போலப் போய்க் குட்டியின் தலையைக் கவ்வி இரண்டு உதறு உதறியது. அவ்வளவுதான், குட்டி தொங்கிவிட்டது. தாய் நாய் எங்கிருந்தோ பாய்ந்து வந்து கறுப்பியின் தோளைப் பிடித்த அந்தக் கணமே, கறுப்பி அலற ஆரம்பித்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த அதே அலறல்.

பக்கத்து வீட்டம்மா மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது எப்பவும் இப்படித்தான்" என்றார். "அந்தச் செவலையவும் இதுதான் போய்ப் போய்க் கடிக்கும். கட்டிப் போட்டப்பறமும் போய்க் கடிச்சுச்சு. அது திருப்பிப் பிடிச்சா ஊரக் கூட்டும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் அது மேல அம்புட்டுப் பிரியமா இருந்தீக. நான் என்னத்தச் சொல்ல?"

குட்டியைப் பழைய துண்டில் சுற்றி எடுத்துப் போய்க் கருவேலங்காட்டோரம் புதைத்தேன். தாய் நாய் இரண்டு நாள் எங்கள் கேட்டுக்கு எதிரே கிடந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்தபடி கேட்டார். முடிந்ததும், "அப்ப இதையும் கொண்டுபோய் விட்டுரு" என்றார்.

"மாட்டேன்."

"குட்டியக் கொன்ன நாய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"

"இன்னொண்ண அங்க கொண்டுபோய் விட மாட்டேன். வேணும்னா நீங்க லீவர எடுங்க. நான் உள்ள போயிருறேன்."

அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். பத்து நாள் எங்களுக்குள் பேச்சில்லை. பதினோராம் நாள் கொல்லையில் கம்பி வலை அடித்து, மேலேயும் மூடி, கறுப்பிக்கு ஒரு தடுப்புக் கட்டினார். வெளியே எடுத்தால் வாய்க்கூடு போட்டுத்தான் எடுக்கிறோம். அதன் பக்கத்தில் இன்னொரு நாய் வர முடியாது. அது இன்னும் அவரைக் கண்டால் வாலை ஆட்டுகிறது. அவர் சோறு வைக்கிறார், தடவிக் கொடுப்பதில்லை.

எனக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகள் காப்பகத்தில்தான். புண் கழுவுவேன். கொட்டகையை மூன்றாகத் தடுத்திருக்கிறார்கள், ஒழுகும் பக்கம் தகரம் மாற்றியாயிற்று. ஆனாலும் சாக்கும் கொக்கிக் கம்பியும் சுவரோரம் இருக்கத்தான் செய்கின்றன. நாய் எடுக்க யாராவது வந்தால் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். காட்டுவதற்கு முன்னால் செவலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் எத்தனை அடி அடித்தார், யார் அடிக்கச் சொன்னது, எல்லாம்.

காப்பகத்துக்காரருக்கு அது பிடிப்பதில்லை. "நீங்க இப்படிப் பேசுனா ஒருத்தரும் எடுக்க மாட்டாக சிஸ்டர். எடுக்காட்டி இங்கனயே கடிச்சுச் சாகும். எது தேவலை?" என்று சண்டைக்கு வருகிறார். பல பேர் கேட்டுவிட்டு வந்த வழியே போய்விடுவதும் உண்மைதான். அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்கும் வாயை மூடத் தெரியவில்லை.

போன மாதம் திருக்கோஷ்டியூர்ப் பக்கமிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். மனைவிக்கு இரண்டு நாய் மேல் ஆசை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் நின்றுகொண்டே கேட்டாள். புருஷன், "வா, போயிருவோம்" என்று அவள் முழங்கையைத் தொட்டார். அவள் நகரவில்லை.

"ஒண்ணு போதும்" என்றாள். "எது யாருகிட்டக் கடி வாங்குதுன்னு இருந்து பார்த்துட்டு எடுக்கலாமா?"

ஒரு நாற்காலியைக் கம்பி வலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். சோறு போடும் நேரம்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.